உழைக்கும் கையும் வெல்லும் கையும்

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரத் தமிழ்க் கிளைகளின் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கை மல்யுத்தத்தை நமது எல்லையோர மக்கள் மலையாள வழக்கில் 'பஞ்சகுஸ்தி' என்பர். திருவிழாக்களிலும் வாசகசாலை ஆண்டு விழாக்களிலும் இளைஞர்கள் கைகோத்துப் பலம் பார்ப்பதும், பெண்கள் சற்று விலகி நின்று அதைக் காண்பதும் நமக்குப் பழகிய காட்சிகள். மறுநாள் காலையில் செங்கல் சுமப்பதும், கிணற்று நீரை இறைப்பதும், பாலராமபுரத்துத் தறிகளில் பொழுதெல்லாம் உழைப்பதும் அதே பெண்களின் கைகள்தாம். உழைப்பில் சுரண்டப்படும்போது எவருக்கும் உறுத்தாத பெண்ணின் உடல் வலிமை, போட்டி மேடையில் வெளிப்படும்போது மட்டும் ஏன் வியப்புக்கும் முணுமுணுப்புக்கும் உரியதாகிறது? இக்கேள்விக்கு விடை காண, கேரளத்தின் வடபகுதியைச் சேர்ந்த ஒரு வீராங்கனையின் வாழ்க்கை துணை செய்யும்.

கோழிக்கோடு மாவட்டத்தில் வடகரையை அடுத்த ஓர்க்காட்டேரியைச் சேர்ந்தவர் மஜிசியா பானு. மாகியில் பல் மருத்துவம் பயின்ற அவர், முதலில் குத்துச்சண்டையில் நாட்டம் கொண்டு, பின்னர் வலுதூக்கும் போட்டிக்கும் கை மல்யுத்தத்துக்கும் வந்தார். கல்லூரி நேரம் முடிந்ததும் ரயிலேறிக் கோழிக்கோடு சென்று பயிற்சி பெற்று, இரவில் வீடு திரும்புவது அவரது அன்றாடமாயிற்று. 2017இல் இந்தோனேசியாவில் நடைபெற்ற ஆசிய வலுதூக்கும் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். கேரளத்தின் வலிமை மிக்க பெண் என்னும் பட்டத்தை மும்முறை பெற்றார். 2018 பிப்ரவரியில் கொச்சியில் நடந்த உடற்கட்டுப் போட்டியின் மகளிர் பிரிவில், தலையை மறைத்த முக்காட்டுடன் மேடையேறி முதலிடம் பெற்றார். அதே ஆண்டு அக்டோபரில் துருக்கியின் அந்தாலியா நகரில் நடந்த உலகக் கை மல்யுத்தப் போட்டியில் இந்தியாவின் சார்பில் களம் கண்டார். டிசம்பரில் மாஸ்கோவில் வலுதூக்கும் உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார்.

கை மல்யுத்தம் முரட்டு பலத்தால் மட்டும் வெல்லப்படுவதன்று. உடல் எடைக்கேற்பப் பிரிவுகள் உண்டு. வலக்கைக்கும் இடக்கைக்கும் தனித்தனிப் போட்டிகள் உண்டு. முழங்கை மேசைமீதுள்ள திண்டை விட்டு எழுந்தால் அது பிழை. விரல்களின் பிடி, மணிக்கட்டின் திருப்பம், தோளும் முதுகும் தரும் இழுவிசை ஆகியவை ஒரே கணத்தில் ஒன்றுகூட வேண்டும். எனவே இது பயின்று பெறும் கலை. பயில்வதற்கு மேசை வேண்டும், பயிற்சியாளர் வேண்டும், சத்தான உணவு வேண்டும், இவை எல்லாவற்றுக்கும் மேலாக, ஓய்வு நேரம் வேண்டும். நாளெல்லாம் சுமை தூக்கி, மாலையில் அடுப்படிக்குத் திரும்பும் பெண்ணுக்கு இவற்றில் எது கிடைக்கிறது?

படித்த குடும்பத்துப் பெண்ணான மஜிசியாவும் தடையின்றி முன்னேறிவிடவில்லை. வெளிநாட்டுப் போட்டிகளுக்குத் தகுதி பெற்ற பின்னும், பயணச் செலவுக்குப் புரவலர்களைத் தேட வேண்டியிருந்தது. கை மல்யுத்தம் ஒலிம்பிக் பட்டியலில் இல்லை. அவர் பதக்கம் வென்ற வலுதூக்கும் போட்டியும் ஒலிம்பிக்கில் உள்ள பளுதூக்குதலிலிருந்து வேறானது. பட்டியலுக்கு வெளியே உள்ள விளையாட்டுகளுக்கு அரசின் கை எளிதில் நீள்வதில்லை. விளம்பரத்துக்கு ஆகுமா என்று எடைபோடும் நிறுவனங்களின் தயவுக்கே வீராங்கனை விடப்படுகிறாள். திறமையையும் சந்தைச் சரக்காக்கும் முதலாளித்துவத்தின் இயல்பு இது.

இதற்கு மாற்று வழியைக் கேரளமே முன்னர் காட்டியுள்ளது. 1976இல் கண்ணூரில் மாநில அரசு மாணவியருக்கென விளையாட்டுப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. அங்குச் சேர்ந்த 40 சிறுமியருள் ஒருவர் பி.டி. உஷா. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில், நொடியின் நூற்றில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தவர் அவர். அவரது பய்யோளியும் மஜிசியாவின் ஓர்க்காட்டேரியும் ஒரே மாவட்டத்து ஊர்கள். ஒருவருக்கு விடுதியும் உணவும் பயிற்சியும் பொதுப்பணத்தில் கிடைத்தன. மற்றவர் புரவலரைத் தேடினார். அரசுக் கொள்கையே இந்த வேறுபாட்டின் வேர்.

தோழர்களே, மஜிசியாவின் வெற்றிகளைவிட அவரது முக்காட்டைப் பற்றியே பலர் மிகுதியாகப் பேசினர். இத்தகைய உடல்விளையாட்டு தகுமா என்று கேட்கும் பழமைவாதம் ஒருபுறம். முக்காட்டையே குற்றமாகக் காணும் வகுப்புவாதம் மறுபுறம். 2022 பிப்ரவரியில் கர்நாடகத்தின் அன்றைய பா.ஜ.க. அரசு பிறப்பித்த சீருடை ஆணையால், முக்காடணிந்த மாணவியர் வகுப்பறை வாயிலிலேயே நிறுத்தப்பட்டதை நாடு கண்டது. பெண் எதை உடுத்துவது என்பதை ஆதிக்கம் தீர்மானித்த கொடுமையைத் தென் திருவிதாங்கூர் மண் நன்கறியும். தோள்சீலைப் போராட்டத்தில் நமது முன்னோர் அடிபட்டு, ஆடை கிழிக்கப்பட்டு, பல்லாண்டு போராடிய பின்னரே 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னரின் பிரகடனம் வந்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக் கூடாதென்ற நிபந்தனை எஞ்சியிருந்தது. அந்தப் பெண்களின் வழித்தோன்றல்களாகிய நமக்கு நிலைப்பாட்டில் ஐயம் இருக்க இயலாது: ஆடையைத் திணிப்பதும் அநீதி, பறிப்பதும் அநீதி. தேர்ந்துகொள்ளும் உரிமை பெண்ணுக்கே உரியது.

எனவே நமது பணி என்ன? கேரளத்தின் மக்கள் திட்டத்தில் உள்ளாட்சித் திட்ட நிதியில் குறைந்தது 10 விழுக்காடு மகளிர் கூறுக்கு ஒதுக்கப்பட வேண்டும். அந்நிதி தையல் பயிற்சியோடு நின்றுவிட வேண்டியதில்லை. பஞ்சாயத்துதோறும் மகளிருக்கான உடற்பயிற்சிக் கூடம், வேலை முடிந்து வருவோருக்கு ஏற்ற நேரம், பெண் பயிற்சியாளர் ஆகியவற்றைக் கிராமசபையில் தோழர்கள் கோர வேண்டும். ஒலிம்பிக் பட்டியலில் இல்லாத விளையாட்டுகளிலும் நாட்டின் சார்பில் செல்வோரின் பயணச் செலவை அரசே ஏற்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு சுயவிமர்சனமும் தேவை. நாம் நடத்தும் விழாக்களில் பெண்களுக்கு இன்றும் கோலப்போட்டி மட்டும்தானா? மாலையில் பயிற்சிக்குச் செல்ல விரும்பும் மகளிடம், "அடுப்பை யார் பார்ப்பது?" என்று கேட்கும் குரல் தோழர்களின் வீடுகளில் எழுவதே இல்லையா? அரசிடம் கேட்கும் உரிமையை முதலில் நமது வீட்டிலும் விழாவிலும் வழங்கிக் காட்டுவோம். அடுத்த ஆண்டு விழாவில் பஞ்சகுஸ்தி மேசை போடப்படும்போது, அதன் இருபுறமும் உழைக்கும் பெண்களும் கைகோத்து நிற்கட்டும்!

உழைக்கும் மகளிர் ஒற்றுமை ஓங்குக!