இருமுறை கண்ட உதயம்



2018ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரிலிருந்து கிளம்பிய விமானம் ஒன்று, நடுவில் எங்கும் இறங்காமல் லண்டன் போய்ச் சேர்ந்தது. தூரம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். பிரயாண நேரம் சுமார் 17 மணி. ஆனால் லண்டனிலிருந்து திரும்புவதற்குக் கால அட்டவணையில் அரை மணி குறைவாகவே குறித்திருந்தார்கள். உயர வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் காற்று, போகும்போது எதிர்க்கிறது, வரும்போது தள்ளிவிடுகிறது. ஆகவே தூரத்தை அறிந்தவன் நேரத்தையும் அறிந்துவிட்டதாக எண்ணலாகாது.

இதே பெர்த்திலிருந்து முன்னொரு காலத்தில் நடந்த வேறொரு பிரயாணத்தைப் பற்றிச் சொல்லவே வந்தேன். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த வான்வழி அறுந்து போயிற்று. அதை மறுபடியும் இணைக்க ஒரே உபாயந்தான் இருந்தது: இந்து மகாசமுத்திரத்தை ஒரே மூச்சில் தாண்டி இலங்கையை அடைய வேண்டும்.

1943இல் குவாண்டாஸ் கம்பெனியார் அதைத் தொடங்கினார்கள். பெர்த்தின் ஸ்வான் நதியில் எழும்பி, காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரியில் இறங்க வேண்டும். காடலினா என்னும் நீர்விமானங்கள் அவை. தூரம் சுமார் 5,650 கிலோமீட்டர், லண்டன் தூரத்தில் பாதிகூட இல்லை. பிரயாண நேரமோ 27 மணி முதல் 33 மணி வரை! வேகம் மணிக்கு இருநூறு கிலோமீட்டர் அளவே. அத்தகைய விமானத்தை எதிர்காற்று எவ்வளவு தாமதப்படுத்தும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

விமானம் சுமந்ததெல்லாம் பெரும்பாலும் எண்ணெயே. அதற்கு இடம் விடுவதற்காக வேண்டாத பொருள்களை எல்லாம் கழற்றி எறிந்தார்கள். பிரயாணிகள் மூவருக்கு மேல் ஏற இயலாது. கிளம்பிய முதல் சில மணி நேரத்தில் ஓர் இயந்திரம் நின்றுவிட்டால், மற்றொன்று அந்தப் பாரத்தைத் தாங்காது. பகைவர் காதில் விழாதிருக்க வானொலியும் மௌனம் பூண்டது. கீழே கரையில்லாத கடல். வழி கேட்பதற்கு மேலே விண்மீன்கள் மட்டுமே.

விமானங்களுக்கும் அந்த விண்மீன்களின் பெயர்களையே சூட்டியிருந்தார்கள். அவற்றுள் ஸ்பைகா, அன்டாரிஸ், ஆல்டேர் என்பவை நம் பஞ்சாங்கத்தின் சித்திரை, கேட்டை, திருவோணம் ஆகும்.

ஒரே பிரயாணத்தில் சூரியோதயத்தை இருமுறை காண நேர்ந்ததால், பிரயாணிகளுக்கு ‘இரட்டை உதயத்தின் இரகசியச் சங்கம்’ என்று வேடிக்கையாகப் பெயரிட்ட சான்றிதழ் ஒன்றையும் கொடுத்தார்கள். 1945 ஜூலையில் அந்தப் போக்குவரத்து நின்றது. அதற்குள் அக்கடலை 271 முறை தாண்டியிருந்தார்கள். ஒரு விமானங்கூட வழியில் மறையவில்லை.