பாசிக்கும் ஒரு பேர் உண்டு

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில், கித்துல்கலப் பிள்ளைகள் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று விழாக் குழுவினர் தொலைபேசியில் கேட்டபோது, "பாசியைப் பற்றி" என்றோம். கொஞ்ச நேரம் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு, "விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்" என்றார்கள். பாசிதான். மதிலில் படர்வது, மரத்தில் ஒட்டுவது, மழைக்காலத்தில் விடுதிப் படிக்கட்டில் நம்மில் பாதிப்பேரை வழுக்கி விழுத்தியது, அதே பாசிதான்.

எங்களை உங்களுக்கு நினைவிருக்கும். விடுதியில் நாங்கள் நால்வரும் எப்போதும் "கித்துல்கலப் பிள்ளைகள்". அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்கு ஏறும் வீதியில், களனி கங்கைக் கரையில் இருக்கிறது எங்கள் ஊர். கித்துல் மரமும் கல்லும் சேர்ந்த பெயர். 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' படத்தின் பாலம் அங்கேதான் கட்டப்பட்டது. இப்போது வெளியூரார் ஆற்றில் படகு விடவும், அக்கரையில் உள்ள மாகந்தாவ வனத்தில் பறவை பார்க்கவும் வருகிறார்கள். எங்களுக்கோ கித்துல்கல என்றால் றப்பரும் தேயிலையும் லயமும் ஓயாத மழையும்தான். மழை இருக்கும் இடத்தில் பாசிக்குக் குறைவேது?

தமிழில் நாம் பலவற்றையும் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். குளத்தில் மிதப்பதும் பாசி, கல்லில் மெத்தை போல் படர்வதும் பாசி. நாங்கள் இங்கே பேசுவது இரண்டு வகையைப் பற்றி. ஒன்று, சின்னஞ்சிறு தண்டும் இலையும் கொண்ட நிலப்பாசி. உயர்தர விலங்கியல், தாவரவியல் படித்தவர்கள் பொகோனேற்றத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மற்றது ஈரலுருத் தாவரங்கள். மார்க்கன்சியாவைப் படம் வரைந்து பெயரிட்டதும் நினைவிருக்கும். இவற்றுக்கு மெய்யான வேர் இல்லை. வேர்ப்போலிகள் இடத்தைப் பற்றிக்கொள்ள மட்டுமே. பெரும்பாலானவற்றின் இலை ஒரே கலத் தடிப்புடையது. மழையையும் பனியையும் உடம்பாலேயே குடிக்கும். வெயிலில் சுருண்டு காய்ந்து கிடந்தாலும் பல இனங்கள் ஒரு துளி நீர் பட்டதும் விரிந்து பச்சையாகிவிடும்.

இந்த ஆசை எங்களுக்கு எப்படி வந்தது? எங்களில் ஒருத்தி திருமணமாகி இங்கிலாந்தில் குடியேறினாள். ஒரு குளிர்காலச் சனிக்கிழமை, அயலவர் ஒருவர் அவளைப் பாசி பார்க்கும் நடைக்கு அழைத்துப் போனார். நடை என்றுதான் பெயர். ஒரு மணித்தியாலத்தில் ஐம்பது மீற்றர்கூடப் போகவில்லையாம். ஓய்வுபெற்ற தபால்காரர், பாடசாலை ஆசிரியை, பல்கலைக்கழக மாணவன் எல்லோரும் கைவில்லையைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒரு கல்லைச் சுற்றி முழங்காலில் நின்றார்களாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு விடயங்களைக் குறித்தார்கள்: பெயர், இடம், திகதி, கண்டவர். அவ்வளவுதான் பதிவு.

அவள் அனுப்பிய கடிதங்களால் நாங்களும் கொஞ்சம் தேடிப் படித்தோம். 1896இல் வடேல் என்ற பாதிரியார் முன்நின்று 'பாசிப் பரிமாற்றக் கழகம்' ஒன்றைத் தொடங்கினார். உறுப்பினர்கள் காகிதப் பொட்டலத்தில் பாசியை மடித்து ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பினார்கள். அதுவே 1923இல் பிரித்தானியப் பாசியியல் சங்கமாக மாறியது. நம்மைப் போல அதுவும் நூறு கண்ட சங்கம்தான். 1960இலிருந்து அச்சங்கத்தார் பிரித்தானியாவையும் அயர்லாந்தையும் பத்துக் கிலோமீற்றர் சதுரங்களாகப் பிரித்து, சதுரம் சதுரமாகப் பதிவு செய்தார்கள். பெரும்பாலானவர்கள் சம்பளம் வாங்காதவர்கள். 2014இல் அந்தப் பதிவுகள் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளிவந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்களுக்கு வரைபடங்கள் அதில் இருக்கின்றன.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பீர்கள். நாங்களும் கேட்டோம். விடை இதுதான். நிலக்கரிப் புகையால் அந்நாட்டு நகரங்களின் மரங்களிலிருந்து பல பாசிகள் ஒரு காலத்தில் மறைந்துபோயின. காற்றில் கந்தகப் புகை குறைந்த பிறகு அவற்றுட் பல திரும்பி வந்தன. திரும்பி வந்தன என்று எப்படித் தெரியும்? முன்பு இங்கே இல்லை என்று ஒருவர் எழுதி வைத்திருந்தபடியால்தான் தெரியும்.

அயர்லாந்துப் பெண் ஒருத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எலன் ஹட்சின்ஸ், 1785இல் பான்ட்ரி விரிகுடாப் பக்கத்தில் பிறந்தவர். டப்ளினில் பள்ளியில் படிக்கும்போது நோயுற்றார். அவருக்கு மருத்துவம் பார்த்தவரே தாவரங்களைத் தேடிப் பார்க்கும் பழக்கத்தையும் ஏற்படுத்தினார். பிறகு தாயையும் நோயாளியான சகோதரரையும் பராமரிக்க வீட்டுக்கு அழைக்கப்பட்டார். வீட்டு வேலைக்கிடையில் கரையிலும் காட்டிலும் அலைந்து, தம் ஊர்ப்புறத்தில் ஏறக்குறைய 1,100 தாவரங்களுக்குப் பட்டியல் எழுதினார். 1815இல் முப்பது வயது நிறைவதற்கு முன்பே இறந்துபோனார். ஓர் ஈரலுருத் தாவரம் இன்றும் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. பெரிய பயணங்கள் செய்தவரல்லர். தம் ஊரை முழுதாகப் பார்த்தவர்.

நம் நாட்டிலும் வேலை நடக்காமல் இல்லை. பேராதனைப் பூங்காவைப் பொறுப்பேற்று நடத்திய த்வெயிட்ஸ் சேகரித்த இலங்கைப் பாசிகளை, இங்கிலாந்தின் சசெக்ஸ் கிராமமொன்றில் மருந்துக்கடை வைத்திருந்த வில்லியம் மித்தன் ஆராய்ந்தார். 1873இல் இருவர் பெயரிலும் 'மஸ்கி சைலனென்சஸ்' என்ற பட்டியல் வெளியானது. மித்தனின் சேகரிப்பை 1906இல் நியூயோர்க் தாவரவியல் பூங்கா வாங்கியது. 2002இல் பிரையன் ஓஷே இலங்கைப் பாசிகளின் பட்டியலையும், 2014இல் எடின்பரோவின் டேவிட் லோங்கும் பேராதனையின் ருபசிங்கவும் ஈரலுருத் தாவரங்களின் பட்டியலையும் திருத்தி வெளியிட்டார்கள். பாசிகள் ஐந்நூறுக்கு மேல், ஈரலுருத் தாவரங்கள் முந்நூறு அளவில். சின்னத் தீவுக்கு இது பெரிய சொத்து. ஆனால் நாட்டுக்குப் பட்டியல் இருப்பது வேறு, நம் லயத்துக்குப் பின்னால் ஓடும் ஓடைக்குப் பட்டியல் இருப்பது வேறு.

அந்த ஓடையால்தான் நாங்கள் இந்த வேலையில் இறங்கினோம். சின்ன வயதில் நாங்கள் குளித்துத் துணி துவைத்த ஓடை அது. சில வருடங்களுக்கு முன் நால்வரும் ஒன்றாக ஊருக்குப் போனபோது தண்ணீர் மெலிந்திருந்தது, பெரிய கல் மொட்டையாக இருந்தது. "இந்தக் கல் முழுக்கப் பச்சை மெத்தையாக இருந்ததே" என்றாள் ஒருத்தி. "இல்லை, நிழல் பக்கம் மட்டும்தான்" என்றாள் இன்னொருத்தி. "நாங்கள் துணி அடித்தே அதைத் தேய்த்துவிட்டோம்" என்றாள் மூன்றாமவள். நான்காமவளுக்குக் கல்லே நினைவில்லை. நால்வரும் உயர்தரம் படித்தவர்கள், நால்வரும் தினமும் அங்கே நின்றவர்கள். அங்கே என்ன இருந்தது என்று சொல்ல எங்களிடம் ஒரு வரிகூட இல்லை. அன்று எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே தோட்டத்துச் சுவர்களைப் படமெடுக்கத் தொடங்கினோம். எங்களில் ஒருத்தியின் அம்மாயி இஸ்தோப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "பாசியப் போயி எதுக்குடி படம் புடிக்கிறீங்க? நாங்க அதச் சுரண்டித்தானே பேர் வாங்குனோம்" என்றார்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இது விளங்கும். மற்றவர்களுக்குச் சொல்கிறோம். தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒருநாள் வேலைக்குரிய கணக்கு. வேலை குறைந்தால் அரைப்பேர். கவ்வாத்து வெட்டிய பிறகு தேயிலைத் தண்டில் படர்ந்திருக்கும் பாசியைச் சுரண்டி எடுப்பதும் ஒரு வேலை. அம்மாயி அந்த வேலையில் எத்தனையோ நாள் நின்றவர். எந்த மலையில் பாசி தடிப்பாக வரும், எந்தப் பக்கத்துத் தண்டில் முதலில் பிடிக்கும், எது இலேசில் உரியும், எது நகத்தை உடைக்கும் என்று விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். "ஒட்டிக்கிட்டு வர்றது, தொங்குறது, வெள்ளையா பூத்த மாதிரி இருக்கிறது" என்று அவரே வகை பிரித்தார். எங்களிடம் இருந்த புத்தகம் எதிலும் அது இல்லை. அன்று மாலை முழுவதும் உட்கார்ந்து எழுதினோம். நல்ல காலம், எழுதினோம். அடுத்த வருடம் நாங்கள் போனபோது அம்மாயி இல்லை.

எங்கள் வேலை எளிமையானது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கைவில்லை, பென்சில், பழைய கடுதாசியில் மடித்த உறை, குறிப்புக் கொப்பி, இவ்வளவே மூலதனம். வீதியோரச் சுவர், லயத்து வடிகான், றப்பர் மரம், தென்னை மரம் என்று இருக்கும் இடத்திலேயே பார்ப்போம். உறைக்குள் வைக்க நகமளவு போதும். மாகந்தாவ வனத்தில் ஒன்றையும் பறிப்பதில்லை. அனுமதியில்லாமல் எடுக்கக் கூடாது, படம் மட்டும்தான். அங்கே மரத்து இலைகளின் மேலேயே ஒட்டி வாழும் நுண்ணிய ஈரலுருத் தாவரங்கள் உண்டு. முதலில் இலையில் நோய் என்றே நினைத்தோம்.

பிழைகளும் விட்டோம். முதற்பயணத்தில் இருபதுக்கு மேற்பட்ட உறைகளில் இடத்தை எழுதாமல் "பிறகு எழுதலாம்" என்று பையில் போட்டோம். வீட்டுக்கு வந்ததும் எது சுவரில் எடுத்தது, எது மரத்தில் எடுத்தது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. அத்தனையையும் கொட்டினோம்.

இரண்டாவது பிழை பெரியது. நீர் கசியும் ஒரு பாறையடியில் கடும்பச்சையாகப் பட்டை பட்டையாகப் படர்ந்த ஒன்றைக் கண்டு, "மார்க்கன்சியா!" என்று கூவினோம். பாடப்புத்தகத்தில் நாங்கள் படித்தது அது ஒன்றுதானே. கொப்பியிலும் எழுதிவிட்டோம். பிறகு தாவரவியல் விரிவுரையாளர் ஒருவரிடம் படத்தைக் காட்டினோம். "மேலே சின்னக் கிண்ணங்கள் கண்டீர்களா? வில்லையில் கட்டம் கட்டமாகத் துளைகள் தெரிந்தனவா?" என்று கேட்டார். இரண்டும் இல்லை. அது டியூமோர்ட்டியேரா என்றார். வெப்பநாடுகளில் ஈரமான ஓடைக்கரைகளில் வளர்வது. அயர்லாந்தின் தென்மேற்கிலும் உண்டு. எலன் ஹட்சின்ஸ் நடந்த கரையோரப் பக்கத்துக்கும் எங்கள் கித்துல்கல ஓடைக்கும் ஒரே செடி உறவு! மகிழ்ச்சியாக இருந்தது. ஆனால் அவர் கேட்காமல் விட்டிருந்தால் எங்கள் பிழை உண்மையாக நின்றிருக்கும். பதிவு இல்லாதது ஒரு குறை, பிழையான பதிவு அதைவிடக் கேடு. அன்றிலிருந்து நிச்சயமில்லாததற்கு எதிரே "பெயர் தெரியவில்லை" என்றே எழுதுகிறோம். எங்கள் கொப்பியில் அதுதான் அதிகம்.

எங்கள் ஊர் இதற்கும் நல்ல உதாரணம். 1995இல் கித்துல்கலக் காட்டில் தீபால் வரகாகொட இதுவரை அறியாத ஓர் ஆந்தையின் குரலைக் கேட்டார். பறவையைக் காணவில்லை. அவசரப்பட்டுப் பெயர் வைக்கவில்லை. 2001இல் சிங்கராஜ வனத்தில் அதைக் கண்ணால் கண்டார். 2004இல்தான் அது புதிய இனமென்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு குரலுக்காக அவர் ஆறு வருடம் காத்திருந்தார். ஒரு பாசிக்காக நாம் ஆறு மாதம் காத்திருக்க முடியாதா?

கடைசியாக நம் கல்லூரி மதிலுக்கு வருகிறோம். நூற்றாண்டுக்காக மதிலைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் அதிபரிடம் ஓடினோம். சுரண்ட வேண்டாம் என்று சொல்லவில்லை, மதில் அழகாகத்தான் வேண்டும். இரண்டு நாள் மட்டும் கேட்டோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கைவில்லையோடு வந்தார்கள். முதல் பத்து நிமிடம் சிரிப்பு. பிறகு ஒரு பிள்ளை, "டீச்சர், இது இரண்டு வகை" என்றாள். அதோடு சிரிப்பு நின்றது. வாயில் தொடங்கிக் கிணற்றடி வரையில் ஏழு வகையைப் பிரித்தார்கள். நான்குக்குப் பெயர் உறுதியானது. மூன்றுக்கு இன்னும் இல்லை. ஏழு உறைகளும் திகதியோடு உயிரியல் ஆய்வுகூடத்தில் இருக்கின்றன. மதிலுக்கு இப்போது புதுப் பெயின்ட். பாசி திரும்பி வரும்போது எது முதலில் வருகிறது என்று அந்தப் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

உலகெங்கும் பரந்திருக்கும் சகோதரிகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். தொறொன்ரோவில், மெல்பேணில், இலண்டனில், கொழும்பில் எங்கிருந்தாலும் வீட்டு வாசற்படியை ஒருமுறை குனிந்து பாருங்கள். கண்டதை இடமும் திகதியும் போட்டு எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதுங்கள். ஊருக்கு வரும்போது உங்கள் அம்மாவை, அம்மாயியை, அப்பாயியை உட்கார வைத்து, அவர்கள் சுரண்டியதை, வெட்டியதை, நட்டதைக் கேட்டு எழுதுங்கள். நாளைக்கு என்று விடாதீர்கள். நம் தாய்மார் பாசி சுரண்டி வாங்கிய பேரில்தான் நாங்கள் இந்த வாயிலுக்குள் நுழைந்தோம். அந்தப் பாசிக்கு ஒரு பேர் எழுதி வைப்பது எங்களால் முடிந்த சின்னக் கைம்மாறு.