பல் போன இடத்தில் எலும்பு: இம்ப்ளான்ட் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

(நமது அறக்கட்டளை நடத்திய மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் பல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பல் கட்ட வேண்டும் என்று வருகிறவர்களுக்கு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "இங்கே எலும்பு போதாது, முதலில் எலும்பு வைக்க வேண்டும்" என்று சொன்னால் பலர் திகைத்துப் போகிறார்கள். அடுத்து அவர்கள் கேட்கும் கேள்வி, "டாக்டர், அது எந்த எலும்பு?" என்பதுதான். சிலர் வாய்விட்டுக் கேட்கிறார்கள். சிலர் கேட்கக் கூச்சப்பட்டு, வீட்டுக்குப் போய் மனதுக்குள் வைத்து மருகுகிறார்கள். அந்தக் கேள்விக்கு ஒளிவுமறைவில்லாமல் பதில் சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

எலும்பு ஏன் தேய்கிறது?

பல்லின் வேரைச் சுற்றி நிற்கும் தாடை எலும்பு பல்லை நம்பியே இருக்கிறது. நாம் மெல்லும்போது வேர் வழியாக அதற்கு அழுத்தம் கிடைக்கிறது. பல்லைப் பிடுங்கியதும் அந்த வேலை நின்றுவிடுகிறது. வேலை இல்லாத எலும்பை உடல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். முதல் மூன்று மாதங்களில்தான் இந்தத் தேய்மானம் அதிகம். ஓராண்டுக்குள் அகலத்தில் பாதி வரைகூடப் போய்விடலாம். கழற்றி மாட்டும் பல்செட்டை ஆண்டுக்கணக்கில் போட்டிருந்தால், அது ஈறின் மேல் அழுத்தி அழுத்தி மேலும் தேய்க்கும். வயதான நன்னிமாரின் கன்னம் ஒட்டி, மோவாய் மூக்கை நோக்கி ஏறி வருவது இதனால்தான். ஈறு நோய் உள்ளவர்களுக்கோ பல் விழும் முன்பே எலும்பு போய்விடுகிறது.

இம்ப்ளான்ட் என்பது டைட்டானியத் திருகு. எலும்பு இந்த உலோகத்தோடு ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும் என்பதை ஸ்வீடனைச் சேர்ந்த பேராசிரியர் பிரோனமார்க் 1950களில் முயல்களை வைத்துச் செய்த ஆய்வில் கவனித்தார். 1965ல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இந்த முறையில் பல் பொருத்தினார். சாதாரணமாக இந்தத் திருகு சுமார் 4 மில்லிமீட்டர் பருமன் இருக்கும். அதன் இரு பக்கமும் குறைந்தது ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர் எலும்பு வேண்டும். ஆக, 6 அல்லது 7 மில்லிமீட்டர் அகலம் தேவை. அது இல்லாத இடத்தில் திருகை இறக்கினால் சில காலத்தில் ஈறு இறங்கி உலோகம் வெளியே தெரியும், ஆடியும் போகலாம்.

வைக்கும் எலும்பு எங்கிருந்து வருகிறது?

கட்டடம் கட்டும்போது சாரம் கட்டுகிறோம் அல்லவா? நாம் வைக்கும் பொருளும் ஒரு சாரம்தான். அதன் மேல் உங்கள் உடம்பின் உயிரணுக்கள் ஏறி உங்கள் சொந்த எலும்பைக் கட்டுகின்றன. இந்தச் சாரம் நான்கு வழிகளில் கிடைக்கிறது.

ஒன்று, உங்கள் சொந்த எலும்பு. மோவாயிலிருந்தோ, கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல்லுக்குப் பின்னாலிருந்தோ எடுப்போம். நிறைய வேண்டுமென்றால் இடுப்பெலும்பிலிருந்து எடுப்பதும் உண்டு. உயிரணுக்கள் உள்ள ஒரே வகை இதுதான். குறை என்னவென்றால், எடுக்கும் இடத்தில் இன்னொரு காயம், இன்னொரு வலி.

இரண்டு, மறைந்த மனிதர்கள் தானமாகத் தந்த எலும்பு. எலும்பு வங்கியில் சுத்திகரித்து, உலர்த்தி, கிருமி நீக்கித் தருவார்கள்.

மூன்று, விலங்கின் எலும்பு. அதிகம் புழக்கத்தில் இருப்பது மாட்டு எலும்பு. அதில் உள்ள கொழுப்பு, புரதம் முதலியவற்றை நீக்கிவிட்டு, சுண்ணச்சத்துள்ள தாதுப் பகுதியை மட்டும் துகளாகத் தருகிறார்கள். பன்றி, குதிரை எலும்பிலிருந்து செய்தவையும் சந்தையில் உண்டு.

நான்கு, ஆலையில் செய்யும் செயற்கைப் பொருள். கால்சியம் பாஸ்பேட் வகைகள், ஒருவகைக் கண்ணாடித் துகள் ஆகியவை இதில் அடங்கும். சிறிய பள்ளங்களுக்கு இது நன்றாகவே உதவும். பெரிய இழப்பு என்றால் சொந்த எலும்பையும் கலந்து வைக்க வேண்டிவரும்.

இதில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு விஷயம் உண்டு. துகளை வைத்த பிறகு, ஈறுச் சதை உள்ளே வளர்ந்துவிடாமல் இருக்க அதன் மேல் ஒரு மெல்லிய படலத்தைப் போர்த்துவோம். இந்தக் கொலாஜன் படலங்களில் பல பன்றியின் தோல் அல்லது திசுவிலிருந்து செய்யப்படுபவை. எலும்பைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு, படலத்தைப் பற்றிக் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். மாட்டுக் கொலாஜனில் செய்த படலம் இருக்கிறது. செயற்கைப் படலம் இருக்கிறது. உங்கள் கையிலிருந்தே இரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, அதிலிருந்து செய்யும் படலமும் இருக்கிறது. எது பொருந்தும் என்பது பள்ளத்தின் அளவைப் பொறுத்தது. ஆனால் கேட்டால் பெரும்பாலும் மாற்று வழி கிடைக்கும்.

எது கூடும், எது கூடாது என்று தீர்ப்புச் சொல்வது என் வேலை அல்ல. பொருள் உருமாறிவிட்டதா, வேறு வழியில்லாத நிலையா என்பதையெல்லாம் ஆராய்ந்து சொல்ல ஆலிம்கள் இருக்கிறார்கள். ஆனால் "ஏதோ எலும்பு வைக்கிறார்களாம்" என்று சொல்லிக்கொண்டு போய் நின்றால் அவர்களால் என்ன சொல்ல முடியும்? பொருளின் பெயரையும், அது எதிலிருந்து செய்யப்பட்டது என்பதையும் மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். எழுதித் தருவது அவர் கடமை. பொருள் வரும் பெட்டியில் பெயரும் எண்ணும் உள்ள ஒட்டுச்சீட்டு இருக்கும். அதை உங்கள் கோப்பில் ஒட்டச் சொல்லுங்கள். இதையெல்லாம் சிகிச்சைக்கு முன்பே செய்ய வேண்டும். நாற்காலியில் படுத்து, ஊசி போட்ட பிறகு கேட்டால் யாருக்கும் சங்கடம்தான்.

எவ்வளவு காலம் ஆகும்?

பல்லைப் பிடுங்கும் அன்றே குழியில் துகளை நிரப்பினால் தேய்மானம் பெரிதும் குறையும். நாலு முதல் ஆறு மாதங்களில் இம்ப்ளான்ட் வைக்கலாம். மேல்தாடைக் கடைவாயில் இன்னொரு சிக்கல் உண்டு. அங்கே எலும்புக்கு மேலே சைனஸ் என்ற காற்றறை இருக்கிறது. பல் போனதும் அது கீழே இறங்கி வரும். அதன் உள்சவ்வை மெல்லத் தூக்கி, அடியில் எலும்பு நிரப்ப வேண்டும். அது கெட்டிப்பட ஆறு முதல் ஒன்பது மாதங்கள்கூட ஆகலாம். வெளிநாட்டிலிருந்து ஒரு மாத விடுப்பில் வரும் சகோதரர்கள் இதை மனதில் வைத்துத் திட்டமிடுங்கள்.

யார் கவனமாக இருக்க வேண்டும்?

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குக் காயம் ஆறுவது தாமதமாகும், சீழ் பிடிக்கும். முதலில் சர்க்கரையைக் குறையுங்கள். புகைப்பவர்களுக்கு வைத்த எலும்பு பிடிக்காமல் போகும் வாய்ப்பு அதிகம். வெற்றிலையோடு பாக்கு, புகையிலை போடுகிறவர்களில் சிலருக்கு வாயே திறக்க முடியாமல் போய்விடுகிறது. சிகிச்சை எப்படிச் செய்வது? எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ, ஆண்டுக்கு ஒருமுறை ஊசியோ போடும் தாய்மார்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். அந்த மருந்துகளில் சிலவற்றால் தாடைக் காயம் ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சொல்ல வேண்டும். ஆனால் நீங்களாக அதை நிறுத்திவிடக் கூடாது. அவசரமில்லாத அறுவை என்றால் ரமலானுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில நாட்கள் வேளாவேளைக்கு மாத்திரையும் மென்மையான உணவும் தேவைப்படும்.

எல்லோருக்கும் இது வேண்டுமா?

வேண்டியதில்லை. பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பிரிட்ஜ் இருக்கிறது. நன்றாகச் செய்த பல்செட்டும் மரியாதையான வைத்தியம்தான். எலும்பு சற்றுக் குறைவாக இருந்தால் நீளம் குறைந்த இம்ப்ளான்ட் சிலருக்குப் போதும். மகளின் நகையை அடகு வைத்தும், வட்டிக்குக் கடன் வாங்கியும் பல் கட்ட வேண்டாம். பல் மருத்துவக் கல்லூரிகளில் பேராசிரியர்களின் மேற்பார்வையில் மேற்படிப்பு மாணவர்கள் செய்கிறார்கள். அங்கே செலவு பொதுவாகக் குறைவு, காத்திருக்கப் பொறுமை வேண்டும்.

கடைசியாக, நான்கு கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பல்லைப் பிடுங்காமல் காப்பாற்ற முடியுமா? பிடுங்கத்தான் வேண்டுமென்றால் அன்றே குழியை நிரப்பலாமா? வைக்கும் எலும்பும் படலமும் எதிலிருந்து வந்தவை? எலும்பு வைக்காமல் வேறு வழி உண்டா? இவற்றைக் கேட்பதால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மிஸ்வாக் செய்யும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதோடு இரவில் ஒருமுறை நன்றாகத் துலக்கி, பல்லிடுக்கையும் சுத்தம் செய்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈறைக் காட்டி வந்தால், எலும்பு வைக்கும் நிலையே நம்மில் பலருக்கு வராது, இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.