சொல்லாக்க நிரலும் அட்டவணைவழிச் சோதனையும்



பெயர்ச்சொல்லோடு 'ஐ' உருபைச் சேர்க்கும் கணினி நிரல் ஒன்றை எழுதுவதாகக் கொள்வோம். மரம் என்பது மரத்தை ஆதல் வேண்டும்; வீடு, வீட்டை; வண்டு, வண்டை; பசு, பசுவை. ஒவ்வொரு சொல்லுக்கும் தனிச் சோதனை எழுதினால், ஒரே கட்டளைகள் சொல் மட்டும் மாறித் திரும்பத் திரும்ப வரும். இலக்கணம் அவற்றுள் புதைந்துபோகும். ஆகவே சொல், உருபு, கிடைக்க வேண்டிய வடிவம் என மூன்று கட்டங்கள் கொண்ட அட்டவணையாக எழுதுகிறோம். ஒரே சோதனை அதனை வரிவரியாகப் படித்துச் செல்லும்.

இதனை வெறும் சுழற்சியாக எழுதினால், பெரும்பாலும் முதல் தவற்றிலேயே சோதனை நின்றுவிடும்; எஞ்சிய வரிகளின் நிலை தெரியாது. பைத்தான் மொழிக்குரிய பைடெஸ்ட் என்னும் துணை நிரலகம் ஒவ்வொரு வரியையும் தனிச் சோதனையாக நடத்தி, எதிர்பார்த்தது எது, வந்தது எது என்று அறிவிக்கும். கோ மொழியில் 2016இல் வெளிவந்த 1.7ஆம் பதிப்பு இவ்வசதியை உட்சோதனை என்ற பெயரில் தந்தது.

நமக்கு முதன்மையான பயன் வேறு. நிரலாக்கம் அறியாத ஆசிரியரும் அட்டவணையில் ஒரு வரி சேர்க்கலாம். 'ஐஸ்கிரீம்' என்று சேர்த்துப் பாருங்கள். மகர ஈறு கெட்டு அத்துச் சாரியை வரும் என்பதை மட்டும் அறிந்த நிரல் 'ஐஸ்கிரீத்தை' என்று தரும். பனிக்கூழ் என எழுதித் தப்பிக்கலாம். பிள்ளைகள் அவ்வாறு பேசுவதில்லை. இத்தகைய நிரலை நம்பிய பிழைதிருத்தி 'ஐஸ்கிரீமை' என்பதன் கீழ்ச் சிவப்புக் கோடிட்டால், பிள்ளை தன் காதை விட்டுத் திரையை நம்பும். அந்த வரியை எழுத வேண்டியவர் ஆசிரியரே. நிரல் தந்த விடையைப் படியெடுத்து மூன்றாம் கட்டத்தில் இடுவது சோதனையாகாது.

தமிழுக்கே உரிய சிக்கலும் ஒன்றுண்டு. 'கொடியை' என்பதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நிரலுக்கு வேறு. கொடியை எதிர்பார்த்தேன், கொடியை வந்தது, ஆகவே தவறு என்று கணினி சொல்லும்போது மாணவர் திகைப்பார். ஒப்பிடுமுன் இரண்டையும் ஒரே வடிவுக்குக் கொணரும் சிறு துணைச் செயற்கூறு ஒன்றை எழுதி, எல்லா வரிகளுக்கும் அதனையே பயன்படுத்தலாம். அதற்குமேல் அதற்குச் சலுகை வேண்டா. புள்ளியையும் பொருட்படுத்தாதே என்று கூறிவிட்டால், 'கல்லை' வர வேண்டிய இடத்தில் 'கலலை' வந்தாலும் அட்டவணை முழுதும் தேர்ச்சி என்றே காட்டும்.