துருசுத் திறப்பு யார் கையில்?

(இரணைமடுவில் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பதிப்புரிமை பற்றிப் பேசக் குளக்கட்டருகே ஏன் கூட்டம் என்று சிலர் கேட்டனர். இணையத்தின் பழைய உரையாடல் மன்றங்கள் வற்றிய கதையைக் குளத்தை அறிந்தவர்களே எளிதில் விளங்கிக்கொள்வர் என்பது நமது எண்ணம்.

1979ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக மாணவர் இருவர் யூஸ்நெட் என்னும் அமைப்பைத் திட்டமிட்டனர். அதற்குத் தலைமை நிலையம் கிடையாது. ஓரிடத்தில் எழுதிய செய்தி அயற்கணினிக்குச் செல்லும். அங்கிருந்து அடுத்ததற்குச் செல்லும். ஒவ்வோரிடத்திலும் ஒரு படி தங்கும். வன்னியில் ஒரு சிறுகுளம் வான் பாய்ந்து கீழ்க்குளத்தை நிரப்புவதில்லையா? அதே ஒழுங்குதான். தமிழருக்கும் அங்கே ஒரு மன்றம் இருந்தது.

படியெடுத்துக் கைமாற்றுவதே அதன் உயிர். அதுவே அதற்கு வினையுமாயிற்று. அவ்வழியே களவுப் பாட்டும் களவுப் படமும் பாய்ந்தன. இசைத்தட்டு நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், யூஸ்நெட்.காம் என்னும் நிறுவனம் பொறுப்பாளி என 2009 யூனில் நியூயோர்க் நீதிமன்றம் தீர்த்தது. அத்தீர்ப்பை நாம் குறைகூறோம். களவுக்கு விளம்பரம் செய்து, சான்றுகளையும் அழித்தவர்களுக்கு அது தகும்.

ஒல்லாந்து வழக்கோ வேறு. நியூஸ் சேர்விஸ் யூரோப் என்னும் நிறுவனம் உரிமை மீறிய யாவற்றையும் நீக்கவேண்டுமென 2011இல் அங்கு ஆணை பிறந்தது. குவிந்து கிடக்கும் செய்திகளில் எது களவு, எது நேர்மை எனப் பிரிப்பது எங்ஙனம்? அவ்வாண்டே நிறுவனம் மூடப்பட்டது. 2016இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அது பொறுப்பாளியன்று எனக் கண்டது. பயிர் கருகிய பின் திறந்த துருசினால் யாருக்கு என்ன பயன்?

வழக்குகள் மட்டுமே யூஸ்நெட்டை வற்றச் செய்தன என்று கூறின் அது நேர்மையாகாது. குப்பை விளம்பரங்கள் பெருகின, செலவு ஏறிற்று. மக்களும் இலகுவை நாடிப் பெருநிறுவனங்களின் மன்றங்களுக்குப் பெயர்ந்தனர். அங்கே ஒரே குளம், ஒரே துருசு. திறப்பு முதலாளியின் மடியில். இரணைமடுவும் பெருங்குளந்தான். ஆயினும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பதை இங்கே கமக்காரர் பங்குபற்றும் கூட்டம் அல்லவா தீர்மானிக்கிறது? அங்கே கூட்டமும் இல்லை, கேள்வியும் இல்லை. யாகூ நிறுவனம் 2019 டிசெம்பரில் தன் குழுக்களின் பழைய பதிவுகளை அகற்றத் தொடங்கி, 2020 டிசெம்பரில் குழுக்களையே மூடிற்று. தமிழ் இலக்கியம் பேசிய குழுக்களும் அதில் அடங்கின. அவ்வெழுத்துகளின் உரிமை சட்டப்படி எழுதியவருடையது. படியோ நிறுவனத்தின் கையில் இருந்தது. படியில்லாத உரிமையை வைத்து எந்த நீதிமன்றத்தில் எதை மீட்பது?

இனி நமது நாட்டுக்கு வருவோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை உரிமையைக் காக்கிறது. 2009இல் மாண்ட ஓர் எழுத்தாளரின் நூல் 2079 வரை காவலில் இருக்கும். எழுத்தாளனின் கூலியைக் காப்பது நியாயம். அதில் நமக்கு மாறுபாடில்லை. ஆனால் வன்னியில் நூல்கள் வீடுகளோடு எரிந்தன. வாரிசுகள் எந்தத் தேசத்திலோ? எஞ்சிய ஒரு படி கறையானுக்கு இரையாகும்வரை அனுமதிக்காகக் காத்திருப்பதா? தேடியும் உரிமையாளரைக் காணாத நூல்களைப் பொது நூலகங்கள் படியெடுத்து வழங்குவதற்குத் தெளிவான ஏற்பாடு சட்டத்தில் வேண்டும். அதனை நமது பாராளுமன்ற உறுப்பினர்களிடம் கேட்போம்.

சட்டம் மாறும்வரை கைகட்டி இருக்கவேண்டியதில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி யாவருக்கும் வழங்குகின்றன. உங்கள் வீட்டில் தந்தையார் எழுதிய நூலோ, சங்க மலரோ இருக்குமாயின், படியெடுக்க அனுமதிக்கும் கடிதம் ஒன்றை எழுதிக் கையொப்பமிடுங்கள். ஒரு படி நூலகத்துக்கு, ஒன்று பாடசாலைக்கு, ஒன்று வெளிநாட்டிலுள்ள பிள்ளைக்கு அனுப்புங்கள். கடிதம் எழுதுவதற்குத் தாளும் பேனாவும் முன்மேசையில் உள்ளன. சட்டத்தரணிக் கட்டணம் கிடையாது.