மரபறிந்த மீறல்



1959ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். அர்ஜென்டினா இசைக்கலைஞர் அஸ்தோர் பியாசோலா, நடனக் குழுவொன்றுடன் புவேர்ட்டோ ரிக்கோவில் இருந்தார். தந்தை விசென்தே மறைந்த செய்தி அங்கே அவரை எட்டியது. நியூயார்க் திரும்பியவர், தனியறையில் அமர்ந்து ஓர் இசைப்படைப்பை எழுதினார். பேரக்குழந்தைகள் அம்முதியவரை ‘நோனினோ’ என்றழைப்பர். படைப்பின் பெயரும் ‘அதியோஸ் நோனினோ’ என்றாயிற்று. நோனினோவுக்கு விடை என்பது பொருள்.

டாங்கோ ஆடுவதற்கென வளர்ந்த இசை. ஆடுவோர் காலடிக்கு ஏற்ப நான்கு தட்டுகள் சீராக விழுவது அதன் வழக்கம். பியாசோலாவோ எட்டு நுண்தட்டுகளை மூன்று, மூன்று, இரண்டு எனப் பகுத்தார். ஜாஸ் இசையின் சாயலையும் ஐரோப்பியச் செவ்வியல் இசையின் பின்னல்களையும் சேர்த்தார். 1955இல் தம் குழுவில் மின்கித்தாரையும் அமர்த்தினார். ‘இது டாங்கோவே அன்று’ என்று மரபாளர் சினந்தனர்.

மீறியவர் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். துருத்திபோல் விரித்துச் சுருக்கி இசைக்கும் பாந்தோனியோன் கருவியை, 1929இல் எட்டு வயதுச் சிறுவன் கையில் தந்தவர் அந்தத் தந்தையே. 1939இல் அனிபல் துரோய்லோவின் புகழ்பெற்ற குழுவில் சேர்ந்து, டாங்கோவின் நுட்பங்களை உள்ளிருந்தே கற்றவர் பியாசோலா. புதியதெனத் தூற்றப்பட்ட தாளப் பகுப்பும் பழைய மிலோங்கா பாடல்களில் ஒலித்ததே.

1954இல் பாரிசுக்குச் சென்றபோது, செவ்வியல் இசையாளராகவே அறியப்பட விரும்பித் தம் டாங்கோவை மறைத்தார். ஆசிரியை நாதியா பூலான்சே அதனைக் கேட்டபின், உண்மையான பியாசோலா இங்கேதான் இருக்கிறார் என்று உணர்த்தினார். அவ்வாண்டில், தந்தை வாழ்ந்த நாளில் எழுதிய ‘நோனினோ’வின் துள்ளல் பகுதியை அவர் இரங்கற் படைப்பிலும் விடவில்லை. அதனை அடுத்து நீண்ட புலம்பல் எழுகிறது. பழையதை அழிக்காமல் அதனருகிலேயே துயரை அமர்த்தினார்.

பியாசோலா 1992இல் மறைந்தார். 2002இல் ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்து இளவரசரின் திருமணத்தில் இப்படைப்பு ஒலித்தது. அர்ஜென்டினாவில் பிறந்த மணமகள் மாக்சிமா கண்ணீர் உகுத்தார். அவருடைய தந்தை அவ்விழாவுக்கு வரவில்லை. ‘டாங்கோவே அன்று’ எனப்பட்ட இசை, அன்று ஒரு மகளுக்குத் தாய்மண்ணின் குரலாயிற்று.

மரபை அறியாதார் அதனைக் கைவிடலாம். மீறுதல் அவர்க்கு இயலாது. யாப்பை நெகிழ்த்த எழுதுகோல் எடுக்கும் கவிஞர், தமக்கு அக்கருவியைத் தந்த கையை ஒருமுறை நினைத்தல் நன்று.