பறவைக்கு நேற்று உண்டா?

மாற்றல் உத்தரவு நம்மில் பலருக்குப் புதிதன்று. நாம் தில்லியை விட்டுப் புறப்பட்டபோது வளர்த்த நாயை அண்டை வீட்டாரிடம் ஒப்படைத்துச் சென்றோம். இரண்டாண்டு கழித்துத் திரும்பியதும் அது ஓடி வந்து காலைச் சுற்றிற்று. நம்மை அடையாளம் கண்டுகொண்டது மெய். ஆனால், சாமான் ஏற்றிய வண்டியின் பின்னே தெருமுனை வரை அது ஓடி வந்த அந்த மாலை அதன் நினைவில் இருந்ததா?

இவ்விரண்டும் ஒன்றல்ல. நாமோ இரண்டையும் ஞாபகம் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். பெருக்கல் வாய்பாடும் ஞாபகம். மணநாளன்று பெய்த மழையும் ஞாபகம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டோருக்கு இத்தகைய சொற்கள் பெருந்தொல்லை. 1972ஆம் ஆண்டில் எண்டெல் டல்விங் என்னும் உளநூலறிஞர் பொது அறிவைச் சார்ந்த நினைவையும், எங்கே எப்போது என்ற குறிப்போடு கூடிய நிகழ்ச்சி நினைவையும் பிரித்துக் காட்டினார். பின்னது மனிதருக்கே உரியதென்று பிற்பாடு வாதிட்டார்.

வாய் பேசாப் பிராணியிடம் இதை எவ்வாறு கேட்டறிவது? 1998இல் நிக்கோலா கிளேட்டன், ஆன்டனி டிக்கின்சன் ஆகிய இருவரும் மேற்கு அமெரிக்காவின் ஸ்க்ரப் ஜே என்னும் பறவையிடம் கேட்டனர். காக்கைக் குலத்தைச் சேர்ந்த இது, இரையைப் புதைத்து வைத்துப் பின்னர்த் தோண்டித் தின்னும் இயல்புடையது. மணல் நிரப்பிய தட்டுகளில் வேர்க்கடலையையும் மெழுகுப் புழுவையும் அது புதைத்தது. புழுவென்றால் அதற்கு உயிர். ஆனால் புழு நாள்பட்டால் கெடும்; கடலை கெடாது. இதனைப் பறவைகள் முன்னரே பட்டறிந்திருந்தன. 4 மணி நேரம் கழித்துத் தேட விட்டபோது புழு புதைத்த இடத்தை நாடின. 124 மணி நேரம் கழித்து விட்டபோது கடலை புதைத்த இடத்தை நாடின. மோப்பம் வழிகாட்டியிருக்கலாமே எனில், அதற்கும் இடமில்லை. சோதனைக்கு முன் இரையை எடுத்துவிட்டு மணலையும் மாற்றிவிட்டனர். புழு கெடுமென்பதை அறியாத வேறு சில பறவைகளோ, ஐந்து நாளுக்குப் பின்னும் புழுவையே தேடின.

ஆயினும், பறவையின் உள்ளத்தில் அந்த நாள் மீண்டும் விரிந்ததா என்று ஆராய்ச்சியாளர் சொல்லத் துணியவில்லை. ‘நிகழ்ச்சி நினைவு போன்றது’ என்றே எழுதினர். அந்தப் ‘போன்றது’ என்னும் சொல்லை நாம் மெச்சுகிறோம்.

2016இல் ஹங்கேரி நாட்டார் நாய்களைச் சோதித்தனர். எசமானர் செய்வதைக் கட்டளைக்கேற்பத் திருப்பிச் செய்யப் பழகியவை அவை. பின்னர், எசமானர் எது செய்தாலும் பேசாமல் படுத்துக்கொள்ளும்படி பழக்கினர். ஒருநாள் எதிர்பாராத வேளையில் பழைய கட்டளை பிறந்தது. ஒரு நிமிடத்துக்குப் பின் பல நாய்கள் கண்டதைச் செய்து காட்டின. ஒரு மணி நேரத்துக்குப் பின் அத்தொகை குறைந்தது.

ஒரு மணி நேரம் எங்கே, இரண்டாண்டு எங்கே! நம் நாய்க்கு அத்தகைய கட்டளை எதையும் நாம் கற்பிக்கவில்லை. திரும்பி வந்த அன்று, சாமானை இறக்கிவிட்டு வண்டி தெருமுனை திரும்பும் வரை, அது வாசற்படியை விட்டு நகராமல் வண்டியையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.